இரண்டு தவணைக்கு மேல் சிவபாக்கியம் இல்லை

உலகத்தில் இன்றைக்குக் கம்ப்யூட்டர் என்கிற பெட்டி தமிழில் வாயைத் திறக்கிறது என்றால், அதற்கு ஒரே காரணம் கொடைக்கானல் பஸ் நிலையத்துக்குக் கீழே சரிவான சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சிவபாக்கியம்தான். அவர் தும்மினால் அமெரிக்காவில் நாலு சர்வர் நின்றுவிடும். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினால் ஜப்பான்காரன் எழுந்து நிற்பான். ஒற்றை விரலால் ஒரு கோடி வரிகளை மொழிபெயர்த்தவர். மிச்சம் ஒன்பது விரலையும் அடுத்த பிறவிக்கென்று துணியில் சுற்றி வைத்திருக்கிறார். ஏரியில் படகு ஓடுவதும் மலையில் மேகம் ஏறுவதும்கூட அவர் சம்மதத்தோடுதான் என்று சொல்கிறார்கள்.

இப்படித்தான் தொடங்க வேண்டும். 'மலைச்சொல்' குழுவில் அது வழக்கம். தவணை முடிந்து விலகுகிறவரைப் பற்றி, அந்த இடத்துக்கு வருகிறவர் ஒரு பக்கம் எழுதிக் குழுவின் இணையதளத்தில் போட வேண்டும். முதல் பத்தியில் கூச்சமில்லாமல் புகழ வேண்டும். செத்த பிறகு சொல்கிற பொய்யை ஆள் இருக்கும்போதே சொல்லிவிட்டால் அவரும் கேட்டுச் சிரிப்பாரே என்று குழுவைத் தொடங்கிய சுப்புராஜ் வைத்த வழக்கம் அது. இரண்டாம் பத்தியிலிருந்து உண்மை எழுத வேண்டும். அதுதான் கஷ்டம்.

உண்மை இதுதான். சிவபாக்கியத்துக்கு வயது நாற்பத்தொன்று. இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடு ஒன்றில் பிறந்து, பத்து வயதில் அப்பா அம்மாவோடு கப்பலில் வந்து இறங்கியவர். அப்பா இந்த மலையில் மரம் வெட்டும் வேலைக்குப் போனார். மகள் பன்னிரண்டாவது வரை படித்து, டைப்ரைட்டிங்கில் இரண்டு பரீட்சை எழுதித் தேறி, கடைசியில் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் ஆறு கம்ப்யூட்டரும் உள்ள கடைக்குச் சொந்தக்காரர் ஆனார். கணவர் மாடசாமி வத்தலக்குண்டுக்கும் கொடைக்கும் ஜீப் ஓட்டுகிறார். நாலு வருஷமாக மழை பெய்தாலும் சிவபாக்கியத்தின் வலது மணிக்கட்டில் ஒரு கட்டு இருக்கும், வெயில் அடித்தாலும் இருக்கும்; பத்து விரலால் தட்டிய கை இப்போது ஒற்றை விரலால்தான் தட்டுகிறது.

காசு வாங்காமல், யாரும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று ஊர் ஊராகப் பலர் சேர்ந்து செய்து தருகிற மென்பொருள்கள் உண்டு. அவற்றில் வரும் ஆங்கில வரிகளைத் தமிழாக்குவதுதான் மலைச்சொல்லின் வேலை. சம்பளம் கிடையாது. டீ கிடையாது. நன்றி வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் எழுத்துப்பிழையோடு வரும். எல்லோரும் மெயிலில்தான் பேசிக்கொள்வார்கள். பாதிப் பேர் பாதிப் பேரின் முகத்தைப் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் தீர்மானிக்க மூன்று பேர் கொண்ட செயற்குழு. அந்த மூன்றில் ஒரு நாற்காலியில்தான் சிவபாக்கியம் நாலு வருஷமாக உட்கார்ந்திருந்தார்.

அதற்கு முன் அதில் உட்கார்ந்திருந்தவர் சுப்புராஜ்.

பழனியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த சுப்புராஜ் இல்லாவிட்டால் குழுவே கிடையாது. இன்டர்நெட் வருவதற்கு முன்பு பிளாப்பியைப் பாலிதீன் பையில் போட்டு, பழனியிலிருந்து கொடைக்கு வரும் பஸ் டிரைவரிடம் கொடுத்துவிட்டவர் அவர். ஆனால் ஒவ்வொரு வரியும் அவர் கண்ணில் பட்டுத்தான் வெளியே போக வேண்டும். 2004இல் அப்படி அவர் கண்ணுக்காகக் காத்துக் கிடந்தவை ஆயிரத்து நானூறு வரிகள். உள்ளே நுழையப் பெயர் பதியச் சொல்லும் ஓர் ஆங்கில வரிக்கு, தோட்டத்தில் சொல்வதுபோல் 'பேர் போடு' என்று எழுதி அனுப்பினார் சிவபாக்கியம். அது ஏழு மாதம் கழித்து, 'கொச்சை' என்ற ஒரு சொல்லோடு திரும்பி வந்தது. புதிதாக வருகிற பிள்ளைகள் இரண்டு மாதம் காத்திருந்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள்.

அப்போதுதான் சிவபாக்கியம் ஒரு விதி எழுதினார். செயற்குழுவில் ஒருவருக்குத் தவணை இரண்டு வருஷம். தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் கூடாது. பிறகு ஒரு வருஷமாவது விலகி இருக்க வேண்டும். மூன்று இடமும் நிரம்பாவிட்டால் குழு கலைந்ததாகக் கொள்ள வேண்டும். மெயிலில் அனுப்ப மனம் வராமல் அதை ஒரு தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு பழனிக்கே பஸ் ஏறினார்.

சுப்புராஜ் ஒரு பழைய டேப் ரிக்கார்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஈயம் பற்றவைக்கிற கம்பி. தாளை இரண்டு தடவை படித்தார்.

"இது யாருக்காக எழுதினதும்மா?"

"எல்லாருக்கும்தான் அய்யா."

"எல்லாருக்கும்னா, ஒனக்கும்தானே?"

"எனக்கும்தான்."

"நாலு வருசம் கழிச்சு, ஒன்னை விட்டா ஆளில்லன்னு சொல்லுவானுக. அப்பவும்?"

"அப்பவும்தான் அய்யா."

அவர் தலையை ஆட்டினார். "நல்ல விதி" என்றார். கம்பியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அந்த வாரமே விலகிவிட்டார். எல்லோருக்கும் மெயில் போகிற மடற்குழுவில் பெயர் மட்டும் இருந்தது. அதன் பிறகு ஒரு சொல் அவரிடமிருந்து வரவில்லை.

அவர் வைத்த வழக்கப்படி, அவரைப் பற்றிய பக்கத்தை அடுத்து வந்த சிவபாக்கியம் எழுத வேண்டும். இணையதளத்தில் 'சுப்புராஜ்' என்று தலைப்பு இருக்கும். அதை அமுக்கினால் வெள்ளைப் பக்கம் வரும். நாலு வருஷமாக அது வெள்ளையாகவே கிடந்தது. எழுத உட்காரும்போதெல்லாம் சிவபாக்கியத்துக்கு அந்த ஈயப் புகை வாசம் வந்துவிடும். எழுந்து போய் ஜெராக்ஸ் மெஷினைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

விதி வந்த பிறகு ஆட்கள் வந்தார்கள். வந்த வேகத்தில் போகவும் செய்தார்கள். ஒருத்தன் கல்லூரி புராஜெக்டுக்குச் சான்றிதழ் வாங்கும் வரை இருந்தான். ஒரு பெண் பெங்களூரில் வேலை கிடைத்த அன்று மதியம் மூன்று மணிக்குக் காணாமல் போனாள். அவளிடம் ஒப்படைத்திருந்த கோப்பும் அவளோடு போனது. இன்னொருவர் அறுநூறு வரி முடித்து அனுப்பினார். திறந்து பார்த்தால் அறுநூறும் கன்னடம். ஒவ்வொரு தடவையும் சிவபாக்கியம் முதலிலிருந்து தொடங்குவார்: கடவுச்சொல் இப்படிப் போடணும், கோப்பை இப்படித் திறக்கணும், ஆங்கிலத்தைத் தொடக் கூடாது. சொல்லிச் சொல்லி அது பஸ் கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்வதைப்போல ஆகிவிட்டது. யார் இறங்குகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பதில்லை.

செயற்குழுவில் மற்ற இரண்டு பேரில் ஒருவர் திண்டுக்கல்லில் கல்லூரி ஆசிரியராக இருக்கும் ஜெயச்சந்திரன். இன்னொருவர் கோயம்புத்தூர்க்காரர், எதைக் கேட்டாலும் 'சரி' என்று மட்டும் எழுதுவார். மூன்று வருஷத்தில் அவர் எழுதிய மொத்தச் சொற்கள் அந்த ஒன்றுதான்.

2008 ஆகஸ்டில் சிவபாக்கியத்தின் இரண்டாவது தவணை முடிகிறது. மே மாதம் சீசன் கூட்டத்தில், ஊரே படகுக்கு வரிசையில் நிற்கும் ஒரு சாயங்காலம், ஜெயச்சந்திரன் போன் செய்தார். கடையில் கூட்டம் இல்லை. பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாலாம் நம்பர் கம்ப்யூட்டரில் மட்டும் யாரோ ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தம் எதுவும் அந்தக் காதில் விழ வழியில்லை.

"யாரும் பேர் கொடுக்கலக்கா. மூணு தடவ மெயில் போட்டாச்சு" என்றார் ஜெயச்சந்திரன். "பேசாம நீங்களே இன்னொரு தவணை இருந்துருங்க."

"விதி இருக்கே தம்பி."

"விதிதானக்கா? ஒரு வரி சேத்துக்கிருவோம். ஆள் கெடைக்கலன்னா பழைய ஆளே தொடரலாம்னு. யாரு கேக்கப் போறா?"

"அந்த ஒரு வரிய சுப்புராஜ் அய்யாவுக்கு ஏன் தம்பி சேக்கல?"

சிவபாக்கியம் போனை அடுத்த காதுக்கு மாற்றினார்.

"அவருக்கும் ஆள் கெடைக்காமத்தான் இருந்துச்சு. எனக்குன்னா வளையுற விதிய அவருக்கு நீட்டிப் பிடிச்சனா நானு? அப்ப அது விதியில்ல தம்பி. ஆளை வெரட்டுறதுக்கு எடுத்த கம்பு."

"அப்ப கொழு கலையட்டுங்கிறீங்களா? கலைஞ்சா அடுத்து வர்ற பதிப்புல தமிழே இருக்காது. எட்டு வருச வேலக்கா."

சிவபாக்கியம் கட்டுப் போட்ட கையை மேஜைமேல் வைத்து அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். "என்னால முடியலய்யா" என்றார். "கை முடியல. கண்ணு முடியல. விளக்கேத்துற நேரத்துல வீட்டுல இருந்து நாலு வருசமாச்சு. இருக்கவும் முடியல, போகவும் முடியல."

போனை வைத்தார். பிறகு எழுந்து முகம் கழுவிவிட்டு, யாரோ கொண்டுவந்த ரேஷன் கார்டை இரண்டு காப்பி எடுத்துக் கொடுத்தார்.

அந்த வாரக் கடைசியில்தான் குழுவுக்குக் குமரகுரு வந்து சேர்ந்தார்.

'வணக்கம். வயது ஐம்பத்தெட்டு. ஊர் வத்தலக்குண்டு. தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். முழங்கால் வலி தவிர வேறு குறை இல்லை. தமிழுக்கு ஏதாவது செய்துவிட்டுப் போகலாம் என்று ஆவல்.'

வாசகர்களை வீணாகச் சுற்றவிட வேண்டாம்: குமரகுரு என்று ஒருவர் கிடையாது. அவருக்கு முழங்காலும் கிடையாது. அவர் பள்ளங்கியைச் சேர்ந்த சத்தியபிரியா என்ற பதினேழு வயதுப் பெண்ணின் வேலை. பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். தையல் வகுப்புக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்து, சிவபாக்கியத்தின் கடையில் நாலாம் நம்பரில் உட்கார்ந்திருப்பாள். அவள் புகழ் கடைக்குள் ஏற்கெனவே பரவியிருந்தது. இரண்டாம் நம்பரின் திரை முழுக்கக் காட்டுமாட்டின் பின்பக்கத்தை ஒட்டிவிட்டுப் போனவள் அவள்தான். ஐந்தாம் நம்பர் மேல் 'இன்று விரதம், தொடாதீர்கள்' என்று சீட்டு எழுதி ஒட்ட, ஒரு நாள் பூராவும் யாரும் அதைத் தொடவில்லை. குமரகுருவும் அந்த ரகம்தான். வேலை வெட்டி இல்லாமல், ஒரு விளையாட்டுக்குச் செய்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

ஆனால் விளையாட்டாக வந்த கிழவர் உழைக்கத் தொடங்கிவிட்டார். அனுப்பிய கோப்பு மூன்றாம் நாள் திரும்பி வந்தது. சொன்ன திருத்தத்தை மறு பேச்சில்லாமல் செய்தார். கம்ப்யூட்டருக்கே புரியாத பிழை ஏதாவது வந்தால் திரையில் தோன்றும் வரி ஒன்று உண்டு. அதற்குப் பழைய மொழிபெயர்ப்பு 'அறியப்படாத வழு நேர்ந்துள்ளது' என்று இருந்தது. குமரகுரு அதை 'என்னவோ ஆகிவிட்டது. என்னவென்று எனக்கும் தெரியவில்லை' என்று மாற்றி அனுப்பியிருந்தார். சிவபாக்கியம் வாய்விட்டுச் சிரித்தார். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாலாம் நம்பர் மட்டும் திரும்பவில்லை.

ஜூலை முப்பத்தோராம் தேதி, பெயர் கொடுக்கக் கடைசி நாள், ஒரே ஒரு மெயில் வந்தது. செயற்குழுவின் காலி இடத்துக்கு வத்தலக்குண்டு குமரகுரு நிற்கிறார்.

அன்று சிவபாக்கியம் வெள்ளனே கடையைச் சாத்தினார். நடந்தே வீட்டுக்குப் போனார். மாடசாமி பயந்துவிட்டார்.

"ஒடம்புக்கு என்ன பாக்கியம்?"

"ஒண்ணுமில்லங்க. ஆள் கெடச்சிருச்சு. வத்தலக்குண்டுக்காரர் ஒருத்தர். தபால் ஆபீசு."

"தபால் ஆபீசுல குமரகுருவா? எனக்குத் தெரியாம அங்க யாரு?" என்றார், இருபது வருஷமாக வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் நிற்கும் மாடசாமி.

"ஒங்களுக்கு ஏத்திட்டுப் போற ஆளுகளத்தான் தெரியும். போங்க."

ஆனால் அந்தச் சொல் உள்ளே எங்கோ ஒட்டிக்கொண்டது.

செயற்குழுவும் மற்றவர்களும் ஞாயிறு நாலு மணிக்கு இணைய அரட்டையில் கூடுவார்கள். அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்கக் கரண்ட் கட். ஊருக்கு ஊர் நேரம் வேறு. கடையில் இன்டர்நெட் வரும் போன் லைன் பெட்டிக்கும் சிவபாக்கியத்தின் மேஜைக் கம்ப்யூட்டருக்கும் மட்டும் பேட்டரி உண்டு. கரண்ட் போனால் மற்ற ஐந்தும் அணைந்துவிடும். ஜூலையில் ஒரு ஞாயிறு, குமரகுரு நீளமாக ஏதோ தட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. சிவபாக்கியத்தின் திரையில் 'குமரகுரு வெளியேறினார்' என்று வந்தது. அன்றைக்கு அவர் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி ஞாயிறு. ஓட்டுக்கு இன்னும் ஒரு வாரம். மேகம் சந்துக்குள் இறங்கி, எதிர்க் கடையின் போர்டு தெரியவில்லை. அரட்டையில் குமரகுரு பேசிக்கொண்டிருந்தார். 'அம்மையார் சிவபாக்கியம் அவர்களின் தொண்டு என்றென்றும்' என்று அவர் எழுதி முடிப்பதற்குள் பொட்டென்று கரண்ட் போனது.

குமரகுரு வெளியேறினார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நாலாம் நம்பரில், "ச்சே!" என்றது ஒரு குரல்.

சிவபாக்கியம் திரையைப் பார்த்தார். தடுப்பைப் பார்த்தார். மெதுவாகப் போனை எடுத்து மாடசாமியின் செல்லுக்கு அடித்தார்.

"எங்கங்க இருக்கீங்க?"

"வத்தலக்குண்டுலதான். சவாரிக்கு நிக்கிறேன்."

"அங்க கரண்டு இருக்கா?"

"இருக்கே. ஜூஸ் கடையில மிக்சி காதடைக்குது. எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்."

போனை வைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். அந்த இருட்டில் அவருக்கு வந்தது வேறொன்று: பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகு, இது வேற பஸ்ஸும்மா, எந்திரிங்க என்று சொன்னால் வருமே, அது. இதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அடுத்த ஞாயிறு நிம்மதியாகப் போய்விடலாம். யாருக்கும் தெரியாது. குமரகுரு நன்றாகவே வேலை செய்வார். சுப்புராஜுக்குச் சொன்ன வாக்கும் காப்பாற்றப்படும்.

காப்பாற்றப்படுமா?

எமர்ஜென்சி விளக்கை எடுத்துக்கொண்டு போய் நாலாம் நம்பரின் முன் நின்றார்.

"குமரகுரு அய்யா. முழங்கால் எப்படி இருக்கு?"

சத்தியபிரியா எழுந்தாள். ஓடலாமா என்று வாசலைப் பார்த்தாள். வாசலில் மேகம் நின்றுகொண்டிருந்தது.

"பரவாயில்லக்கா. தைலம் போட்டிருக்கேன்."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சலில்ல. ஏன் புள்ள இப்படிப் பண்ணுன?"

"வெளையாட்டுக்குத்தேன்."

"மூணு மாசமா வெளையாட்டு? முந்நூத்திச் சொச்சம் வரி வெளையாட்டு?"

அவள் நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளினாள்.

"பண்ணுனதுதான் பண்ணுன, ஒம் பேர்ல பண்ணக் கூடாதா? எதுக்கு ஆம்பளப் பேரு, ஓய்வு, தைலம் எல்லாம்?"

"பள்ளங்கியில பூண்டு உரிக்கிற புள்ள, பதினொண்ணு பாதின்னு எழுதியிருந்தா எவருதான்க்கா கோப்பு அனுப்பியிருப்பாரு? அந்தத் திண்டுக்கல் சார் என்னைய அய்யா, அய்யான்னு எழுதுறாரு. எங்க ஹெட்மாஸ்டர் என்னைய என்ன சொல்லிக் கூப்புடுவார்னு தெரியுமா ஒங்களுக்கு?"

சிவபாக்கியத்துக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "பேர் கொடுத்தத வாபஸ் வாங்கச் சொல்லு அந்தக் கெழவன."

"அப்ப நீங்க போக முடியாதேக்கா!"

அது வேகமாக வாயிலிருந்து வந்துவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் சிவபாக்கியம் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்போது ஒன்றும் கேட்கவில்லை.

"பொய்யா ஒரு ஆளை உக்கார வச்சுட்டு நான் எந்திரிச்சுப் போனா, அதுவும் விதிய வளைக்கிறதுதான் புள்ள. திண்டுக்கல் தம்பி வரி சேத்து வளைக்கப் பாத்தாரு. நீ ஆளச் சேத்து வளைக்கப் பாத்த. ரெண்டும் ஒண்ணுதான். கரண்டு வரட்டும். ஒம் பேர்ல எழுது. இன்னது பண்ணுனேன், இன்ன வயசு, இன்ன படிப்புன்னு. பேர் கொடுக்குற தேதியும் ஒரு வாரம் தள்ளிப் போடணும்னு கேளு. விதியில மூணு பேரும் சம்மதிச்சா தேதி தள்ளலாம். அது இருக்கு, வளைக்கல."

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நாலு வருசமா அந்தக் கொழுவுல யாரும் சிரிக்கவே இல்ல."

கரண்ட் ஆறு மணிக்கு வந்தது. நாலு வரி மெயில் எழுத சத்தியபிரியாவுக்கு ஏழரை ஆனது. பள்ளங்கிக்குக் கடைசி பஸ் போய்விட்டதால் மாடசாமியின் ஜீப்பில் கொண்டுபோய் விட்டார்கள். மாடசாமி வழி பூராவும், "வத்தலக்குண்டு தபால் ஆபீசு எப்படிங்க அய்யா போகுது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

இரண்டு நாள் மடற்குழுவில் ஒரு சத்தமும் இல்லை. மூன்றாம் நாள் ஜெயச்சந்திரன் போனில் கொதித்தார்.

"அக்கா, பதினேழு வயசு! அதுவும் பொய் சொல்லி வந்த புள்ள! நான் அதுகிட்டப் போயி முழங்காலுக்கு வைத்தியரெல்லாம் சொல்லியிருக்கேன்!"

"விதியில வயசு எங்க தம்பி இருக்கு? எழுதுனவ நான். எனக்குத் தெரியாதா?"

"படிப்பு?"

"அதுவும் இல்ல. ரெண்டு மாசம் வேல பாத்திருக்கணும், அவ்வளவுதான். பாத்திருக்கா. பொய்யின்னு நானே சொல்லித்தான் எழுத வச்சேன். புடிக்கலன்னா எதிர்த்து ஓட்டுப் போடுங்க. ஆனா வரி சேக்காதீங்க."

கோயம்புத்தூர்க்காரர் 'சரி' என்று எழுதினார். ஒரு மணி நேரம் கழித்து, சரித்திரத்தில் முதல் தடவையாக, இன்னொரு மெயில் அனுப்பினார்: 'குமரகுருவுக்கு என் அஞ்சலி.' ஜெயச்சந்திரன் மறுநாள் சம்மதித்தார். தேதி தள்ளிப் போனது. பதினேழாம் தேதி ஓட்டு. பத்தொன்பது உறுப்பினர்களில் ஏழு பேர் ஓட்டுப் போட்டார்கள். எப்போதும் நாலு பேர்தான் போடுவார்கள். ஐந்து சம்மதம், இரண்டு மறுப்பு.

ஐந்தில் ஒன்று பழனியிலிருந்து வந்திருந்தது. நாலு வருஷம் கழித்து வந்த முதல் மெயில்.

'பதினேழு வயதென்றால் கண் நன்றாகத் தெரியும். சம்மதம். என் பக்கம் இன்னும் காலியாக உள்ளது. சுப்புராஜ்.'

சிவபாக்கியம் அதைப் படித்துவிட்டு ஜெராக்ஸ் மெஷினைத் துடைக்கப் போகவில்லை. நாற்காலியிலேயே இருந்தார். பிறகு, "என்ன பாக்கியம், முதல் பத்தியில புகழணுமாமே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தட்டத் தொடங்கினார். 'இந்தியாவில் ஓடுகிற பஸ்கள் எல்லாம் சுப்புராஜின் பிளாப்பியைச் சுமப்பதற்காகவே விடப்பட்டவை' என்று ஆரம்பித்தது அது. பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். ஒற்றை விரலால் அதை முடிக்க நாலு நாள் ஆனது. 'பேர் போடு' பற்றியும் எழுதினார். அது கொச்சை இல்லை என்று இப்போதும் நினைப்பதாகவும் எழுதினார்.

தவணை முடிந்த மறுநாள் விளக்கேற்றுகிற நேரத்தில் வீட்டில் இருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் பருப்பைப் பொறுக்கினார். ஏற்கெனவே பொறுக்கிய பருப்பு. மாடசாமி ஒன்றும் சொல்லாமல் டீ போட்டுக் கொடுத்தார்.

சுப்புராஜைப் பற்றி அவர் தட்டிய அந்த நாலு நாளில் நாலாம் நம்பரில் சத்தியபிரியாவும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருந்தாள். வருகிறவர் விலகுகிறவரைப் பற்றி எழுத வேண்டுமே. நீங்கள் இவ்வளவு நேரம் படித்தது அதைத்தான். எழுதி முடித்ததும் போடுவதற்கு முன்னால் ஒரு தாளில் அச்செடுத்துச் சிவபாக்கியத்திடம் கொடுத்தாள்.

அவர் நின்றபடியே படித்தார். ஜப்பான்காரன் எழுந்து நின்ற இடத்தில் மூக்கால் சிரித்தார். மே மாதத்துப் போன் வந்த இடத்தில் நின்றுவிட்டார். அந்தப் பத்தியை இரண்டாம் தடவை படித்தார். பிறகு தாளுக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"நாலாம் நம்பர்ல யாரோ ஹெட்போன்ல பாட்டுக் கேட்டாங்களா?"

"ஆமாக்கா."

"சத்தம் எதுவும் காதுல விழலயா?"

"விழ வழியில்லன்னுதான் எழுதியிருக்கேனே."

சிவபாக்கியம் குனிந்து மேஜைக்கு அடியிலிருந்த அட்டைப்பெட்டியை இழுத்தார். உடைந்த மவுஸ், அறுந்த வயர்களுக்கு நடுவிலிருந்து ஒரு காது தொங்கிய ஹெட்போனை எடுத்துத் தாளின்மேல் வைத்தார். அதில் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, அவர் கையெழுத்தில் இருந்தது: 'நம்பர் 4. ரிப்பேர். ஏப்ரல் 11.'

"மே முடியுற வரைக்கும் கடையில வேற ஹெட்போன் ஏது?" என்றார். "வெளையாட்டுக்குப் பண்ணுனியாம்ல, வேற காரணமே இல்லாம?"

சத்தியபிரியா திரையைப் பார்த்தாள். காது இரண்டும் சிவந்துவிட்டன. "மாத்திர்றேன்க்கா" என்றாள்.

"மாத்தாத. அப்படியே போடு."